ஒட்டகமும் ஜனவரி முதல் தேதியும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். போன வாரம் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னனுக்குப் போனோம். நுழைகிற இடத்திலேயே கிறிஸ்துமஸ் மரங்கள், வெளியே ஓர் ஒட்டகம். பேரப்பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எனக்குத்தான் மனம் ஒட்டவில்லை. பழைய வீட்டை இப்படி ஜோடித்தால் வரலாறு கெட்டுப்போகாதா? சாதாரண நாளில் போயிருக்க வேண்டுமோ?

ர.

அன்புள்ள ர.,

ஒட்டகத்துக்கு ஆதாரம் இருக்கிறது. 1787 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒட்டகம் கொண்டுவந்து காட்டிய ஆளுக்கு 18 ஷில்லிங் கொடுத்ததாக வாஷிங்டனின் கணக்கில் பதிவு உண்டு. மரங்கள்தான் பிற்காலத்தவை. அவர் 1799 டிசம்பர் 14 அன்று இறந்துவிட்டார். விக்டோரியா ராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகையில் வந்தது 1848இல். அதற்குப் பிறகுதான் அமெரிக்க வீடுகளில் மரம் பரவலானது. மவுண்ட் வெர்னன் இருக்கும் அதே வர்ஜீனியா மாநிலத்தில், வில்லியம்ஸ்பர்க் என்ற பழைய ஊரின் வீட்டு வாசல்களில் ஆப்பிளும் அன்னாசியும் வைத்துக் கட்டுகிறார்களே, அந்த வழக்கம்கூட 1930களில் வந்ததுதான்.

இதையெல்லாம் பார்வையாளருக்குச் சொல்லிவிட்டால் ஜோடிப்பதில் தவறில்லை. நான் டிசம்பரில் போவதையே விரும்புவேன். மற்ற மாதங்களில் நாற்காலியையும் கட்டிலையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். விருந்துக்குத் தயாராக நிற்கும் மேசையைப் பார்த்தால், இத்தனையும் யார் சமைத்தார்கள், யார் பரிமாறினார்கள் என்ற கேள்வி தானாக வரும்.

வாஷிங்டன் இறந்த ஆண்டில் அங்கே 317 பேர் அடிமைகளாக இருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குச் சில நாள் விடுப்பு உண்டு. ஆனால் வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது சமையற்கட்டில் இருப்பவர்களுக்கு ஏது விடுப்பு? இன்னொன்றும் இருக்கிறது. தென் மாநிலங்களில் அடிமைகளை வேறு முதலாளிகளுக்கு வருடக் கூலிக்கு அனுப்பும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜனவரி 1 அன்று தொடங்கின. புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று பிரிக்கப்பட்டார்கள். அந்த நாளை நெஞ்சு உடைகிற நாள் என்றே சொன்னார்கள். பண்டிகை வாரம் முழுக்க அந்தப் பயத்தோடு கழித்தவர்கள் எத்தனை பேர்! டிசம்பரில் திறந்து காட்டும் எந்தத் தோட்ட முதலாளி வீடும் இதைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை. மரத்தின் காலம் பிசகியதைவிட இதுதான் பெரிய குறை.

ஊர் திரும்ப நாள் இருந்தால் இன்னொரு தடவை போய் வாருங்கள். முதலில் சமையற்கட்டு, அப்புறம் அடிமைகள் தங்கிய இடம், கடைசியாக மாளிகை. வாஷிங்டன் கல்லறைக்குப் பக்கத்தில் அடிமைகளின் இடுகாடும் 1983இல் எழுப்பிய நினைவிடமும் இருக்கின்றன. ஒவ்வோர் அறையிலும் வழிகாட்டியிடம், "இதில் எது அவர் காலத்தது, எது நீங்கள் வைத்தது?" என்று தயங்காமல் கேளுங்கள். பேரப்பிள்ளைகளையும் கேட்கச் சொல்லுங்கள்.