குண்டர்களுக்கு எதிராக உண்ணாவிரதமா?

கேள்வி: அக்டோபர் 2 வந்தால் அன்பும் அகிம்சையும்தான் உலக அமைதிக்கு வழி என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். மறுநாள் பேப்பரைப் பிரித்தால் குண்டுவீச்சு. இந்தப் பேச்சால் எங்காவது ஒரு கொலையாவது நின்றிருக்கிறதா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பேச்சால் நின்றதில்லை. அதில் உங்கள் கட்சிதான் நானும். வெள்ளைப் புறாவைப் பறக்கவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வதால் புறாவுக்கு மட்டும்தான் விடுதலை.

ஆனால் 1947இல் கல்கத்தாவில் கொலை நின்றது. அதற்கு முந்தைய ஆகஸ்டில் அதே ஊரில் இந்து-முஸ்லிம் கலவரத்தில் சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தார்கள். அப்போது வங்காள அரசின் தலைமையில் இருந்தவர் சுஹ்ரவர்தி. எல்லாம் அவரால்தான் என்று இந்துக்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். காந்தி அவரைத்தான் தன்னோடு ஒரே வீட்டில் தங்கச் சொன்னார். பேலியாகாட்டா பகுதியில் ஹைதரி மன்ஸில் என்ற பாழடைந்த வீடு. சுதந்திரத்தை ஒட்டிய ஒரு மாலை, வெளியே கூட்டம் சுஹ்ரவர்தியைக் கேட்டுக் கத்தியது. காந்தி அவரை ஜன்னலருகே கூட்டிவந்து, தோளில் கை வைத்தபடி நின்றார். போன வருஷக் கொலைகளுக்கு நீதானே பொறுப்பு என்று கீழே இருந்து ஒரு குரல். நாம் எல்லோருமே பொறுப்பு என்று சுஹ்ரவர்தி மழுப்பிப் பார்த்தார். கேட்டதற்குப் பதில் சொல் என்றது கூட்டம். ஆமாம், என் பொறுப்புதான் என்றார். காந்தி அவருக்காக வக்காலத்து வாங்கவில்லை. தோளில் இருந்த கையை எடுக்கவும் இல்லை. அன்பு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் அந்தக் கையைத்தான் காட்டுவேன்.

அதோடு கதை சுபமாக முடியவில்லை. ஆகஸ்ட் 31 இரவு ஒரு கும்பல் அதே வீட்டுக்குள் புகுந்து ஜன்னல்களை உடைத்தது. காந்தியை நோக்கிச் செங்கல் பறந்தது. மறுநாள் ஊர் மறுபடி பற்றிக்கொண்டது. அன்று மாலை அவர் சாப்பாட்டை நிறுத்தினார்.

உங்கள் கேள்வியை அன்றே அவரிடம் கேட்ட ஒருவர் உண்டு. அப்போது மேற்கு வங்க கவர்னராக இருந்த நம் ராஜாஜி. குண்டர்களுக்கு எதிராக உண்ணாவிரதம் இருக்க முடியுமா என்று வாதாடினார். குண்டர்களுக்குப் பின்னால் இருப்பவர்களின் மனத்தைத்தான் தொட விரும்புகிறேன் என்றார் காந்தி.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. கத்தி எடுத்தவனுக்குப் போதனை செய்வதல்ல அகிம்சை. அவனுக்குப் பணம் கொடுத்தவர், திண்ணையில் இடம் கொடுத்தவர், 'நம்ம பையன்' என்று தட்டிக்கொடுத்தவர் இவர்களைத் தூங்கவிடாமல் செய்வது. 73 மணி நேரம் தூங்கவிடவில்லை. இந்து, முஸ்லிம், சீக்கியத் தலைவர்கள் வந்து எழுத்து மூலம் உறுதி கொடுத்த பிறகே, செப்டம்பர் 4 இரவு, சுஹ்ரவர்தி கையால் பழரசம் வாங்கிக் குடித்தார். இளைஞர்கள் ஆயுதங்களைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். அதில் ஒரு ஸ்டென் துப்பாக்கியும் இருந்தது.

இதே வைத்தியம் உலகத்துக்கும் பலிக்குமா? குண்டு போடுகிறவருக்குப் பின்னால் வரி கட்டுகிறவர், ஆயுதம் விற்கிறவர், டி.வி. முன்னால் கைதட்டுகிறவர் எல்லோரும் இருக்கிறார்கள். அவர்கள் வெட்கப்படுகிற அளவுக்கு மதிக்கும் ஆள் ஒருவர் வேண்டும். கல்கத்தாவுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். செப்டம்பர் 7 அன்று அவர் பஞ்சாபுக்குக் கிளம்பினார். வழியில் டெல்லி எரிந்துகொண்டிருந்ததால் அங்கேயே தங்கிவிட்டார். பஞ்சாப் போய்ச் சேரவே இல்லை.