மாடியில் ஷார்ட், மெயினும் ஏன் விழுகிறது?

கேள்வி: மெயின் எம்சிபி (கரன்ட் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) 32 ஆம்பியர், மாடிக்கு 16, இரண்டும் சி வகை. மாடியில் ஷார்ட் ஆனால் இரண்டுமே விழுகின்றன. மெயினை 40 ஆக்கலாமா?

பதில்: வேண்டாம். ஓவர்லோடில் (அளவுக்கு மேல் லோடு ஏறும்போது) 16 மட்டும்தான் விழும். ஷார்ட்டில் கதை வேறு. சி வகை, தன் அளவைப்போல் 5 முதல் 10 மடங்கில் உடனே விழும். 32-க்கு அது 160–320 ஆம்பியர். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இருந்தால் ஷார்ட் கரன்ட் 500-ஐச் சுலபமாகத் தாண்டும்; அதனால்தான் மெயினும் சேர்ந்தே விழுகிறது. 40 போட்டாலும் 400-க்குள் விழத்தான் செய்யும். போதாக்குறைக்கு, மெயின் வயர் 32-க்கே போட்டதென்றால் அது சூடேறும்.

மாடிக்கு பி வகை (3–5 மடங்கு) போட்டால் சிறிய ஷார்ட்டில் மெயின் தப்ப வாய்ப்பு கொஞ்சம் கூடும். ஆனால் மாடியில் மோட்டார், ஏசி இருந்தால் ஸ்டார்ட் ஆகும்போதே விழுந்து தொல்லை தரலாம். மெயினில் எச்ஆர்சி ஃபியூஸ் (பெரிய ஷார்ட் கரன்ட்டையும் பத்திரமாக அறுக்கும் ஃபியூஸ்) வைப்பதே மேல். எந்த ஃபியூஸ் என்பதை எம்சிபி தயாரிப்பாளரின் செலக்டிவிட்டி அட்டவணையை (எந்த அளவு ஷார்ட் வரை கீழே உள்ளது மட்டும் விழும் என்று காட்டுவது) பார்த்து முடிவு செய்யுங்கள்.