மொனார்க் பட்டாம்பூச்சியின் குளிர்காலம்: கேள்வியும் பதிலும்

கேள்வி: சார், அரை கிராம்தான் எடை. கனடாவிலிருந்து குளிருக்குத் தப்பி மெக்சிகோ வரை வருகிறது. வந்தது வந்தாயிற்று, வெதுவெதுப்பான சமவெளியை விட்டுவிட்டு மலைமேல் ஏன் ஏறுகிறது?

பதில்: அதற்குக் குளிரும் வேண்டும், உறைந்துபோகவும் கூடாது. நவம்பர் தொடக்கத்தில் வந்து சேரும் பூச்சி மார்ச் வரை ஏறக்குறைய பட்டினிதான். டெக்சாஸ், வடக்கு மெக்சிகோ வழியில் குடித்த தேன் வயிற்றில் கொழுப்பாகச் சேர்ந்திருக்கும். குளிர்காலம் முழுக்க அதுதான் கட்டுச்சோறு. சூடான இடத்தில் உடம்பு வேகமாக இயங்கி, வசந்தம் வருமுன்பே அது தீர்ந்துவிடும். சுமார் 3,000 மீட்டர் உயரத்தில், ஓயாமெல் என்ற ஃபிர் மரக் காட்டில் மெல்லச் செலவாகும். திரும்பும் திசையைச் சொல்வதும் அந்தக் குளிர்தான். குளிரே படாமல் வைத்த பூச்சிகள் வசந்தத்திலும் தெற்கு நோக்கியே பறந்ததை 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது.

கேள்வி: கோடையில் பிறப்பது சில வாரமே வாழ்கிறது. இது மட்டும் எப்படி எட்டு மாதம்?

பதில்: கோடை முடிவில் பகல் சுருங்கி, இரவு குளிர்ந்து, உண்ணும் மில்க்வீட் செடி முற்றும்போது வளரும் புழுக்கள் வேறு மாதிரி ஆகின்றன. இளமை ஹார்மோன் குறைவதால் இனப்பெருக்க உறுப்புகள் முதிர்வதில்லை. முட்டைக்கும் இணைசேர்வதற்கும் போக வேண்டிய சத்து உயிரைத் தாங்கப் போகிறது. பிப்ரவரி இறுதியில்தான் பெருமளவில் இணைசேரும்.

கேள்வி: எத்தனை டிகிரி வரை தாங்கும், ஐயா?

பதில்: நனைந்ததா, உலர்ந்ததா என்பதைப் பொறுத்தது. உலர்ந்திருந்தால் மைனஸ் 8 டிகிரி வாக்கில்தான் பாதிப் பூச்சிகள் சாகும். நனைந்துவிட்டால் மைனஸ் 4-லேயே பாதி போய்விடும். மேலே ஒட்டிய நீர் முதலில் உறைந்து, உடலுக்குள் இருக்கும் திரவத்தையும் உறைய வைக்கிறது. 2002 ஜனவரியில் அதுதான் நடந்தது: மழை, அடுத்து வானம் தெளிந்த கடுங்குளிர் இரவு. சியேரா சிங்குவா, எல் ரொசாரியோ என்ற இடங்களில் அடைந்த கூட்டங்களில் சுமார் நான்கில் மூன்று பங்கு மடிந்தது.

அதனால்தான் லிங்கன் ப்ரவர் போன்ற ஆய்வாளர்கள் இந்தக் காட்டைக் கம்பளி என்றும் குடை என்றும் சொன்னார்கள். நெருங்கிய மரமுடி இரவில் சூட்டை வெளியே விடாது, மழையையும் தடுக்கும். பருத்த அடிமரம் பகலில் வாங்கிய சூட்டை இரவில் மெதுவாக விடும். அதில் பூச்சிகள் சிறகை மூடி, ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும். தூரத்தில் சருகுக் கொத்துதான். வெயில் பட்டதும் ஆரஞ்சு நிறம் விரியும்.

கேள்வி: அப்படியானால் காட்டை அழிக்காமல், அங்கங்கே பத்து மரம் மட்டும் வெட்டினால் பாதகமில்லையே?

பதில்: மிகப் பாதகம். பத்து மரம் போனால் கம்பளியில் பத்து ஓட்டை. அதன் வழியே மழையும் இறங்கும், சூடும் வெளியேறும். அடியில் வளரும் புதரை வெட்டுவதும் தவறு. காற்றில் விழும் பூச்சிக்குப் பறக்க உடம்பு சுமார் 13 டிகிரிக்குச் சூடாக வேண்டும். முடியாதபோது புதரில் ஊர்ந்து ஏறித்தான் தரைக்குளிரிலிருந்தும் எலியிடமிருந்தும் தப்பும்.

கேள்வி: உடம்பில் விஷம் இருக்கிறதே, பறவைகள் தொடாதல்லவா?

பதில்: இரண்டு வகைப் பறவைகள் தொடும். கருமுதுகு ஓரியோல் விஷம் மிகுந்த தோலை விட்டு உள்ளிருப்பதை மட்டும் உண்ணும். கருந்தலை க்ரோஸ்பீக் விஷத்தையே தாங்கும். கூட்டம் பெரிதாக இருக்கும்வரை இந்த இழப்பு தாங்கக்கூடியதே.

கேள்வி: எப்படி எண்ணுகிறார்கள்?

பதில்: எண்ணுவதில்லை. பூச்சிகள் அடைந்த மரங்கள் எவ்வளவு பரப்பில் நிற்கின்றன என்று அளக்கிறார்கள். 1996-97-இல் 18 ஹெக்டேருக்கு மேல். 2013-14-இல் 0.67. 2023-24-இல் 0.90, அடுத்த ஆண்டு 1.79. ஒரு நல்ல ஆண்டைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

கேள்வி: பெரிய ஆபத்து எது?

பதில்: வடக்கே களைக்கொல்லி. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் சோயாவும் மக்காச்சோளமும் 1990-களில் வந்தபின், அதைத் தாராளமாகத் தெளித்ததில் அமெரிக்க மத்திய மேற்கு வயல்களில் மில்க்வீட் துடைத்தெடுக்கப்பட்டது. தெற்கே, மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்தில் திருட்டு மரவெட்டு, அவகாடோ தோப்பு, வறட்சி. பூச்சிகள் அடையும் காட்டுக் காப்பகம் 56,259 ஹெக்டேர், 2008 முதல் உலகப் பாரம்பரியக் களம். ஆனால் வெப்பம் எல்லைக்கல்லைப் பார்த்து நிற்காது. ஓயாமெல் ஏற்கெனவே மலை உச்சியருகே நிற்கிறது, மேலே ஏற இடமில்லை. அதனால் இன்னும் உயரமான நெவாடோ தே டொலுகா எரிமலைச் சரிவில் கன்றுகளை நட்டுப் பார்க்கிறார்கள். வெயிலில் தனியாக நட்டால் கன்று கருகும். புதர் நிழலில் நட வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர் எருக்கஞ்செடியில் வருவதும் இதுதானா?

பதில்: இல்லை, அது வெந்தய வரியன். அதே பேரினம், நெருங்கிய உறவு. எருக்கும் மில்க்வீட்டும் ஒரே குடும்பம்.

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறேன் அண்ணா. நர்சரியில் வாங்கிய, சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் மில்க்வீட் வைத்திருக்கிறேன். போதுமா?

பதில்: அது வெப்பமண்டல இனம், உங்கள் ஊர்க் குளிரில் பட்டுப்போகாது. பூச்சி பயணத்தை நிறுத்தி அங்கேயே முட்டையிடும். பூச்சியின் உடம்பிலிருந்து உதிரும், ஓ.இ. என்று சுருக்கிச் சொல்லும் ஒட்டுண்ணியின் வித்துகள் இலையில் தங்கி, தின்னும் புழுவுக்குத் தொற்றும். சிறகு சுருங்கிய பூச்சிகள் வெளிவரும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தரையிலிருந்து 15 செ.மீ. விட்டு வெட்டுங்கள், துளிர்த்தால் மறுபடி வெட்டுங்கள். மெல்ல மெல்ல உள்ளூர் மில்க்வீட் இனமான கிரீன் ஆண்டிலோப் ஹார்னுக்கு மாறுங்கள். வாங்கும்போது பூச்சிமருந்து அடித்த நாற்றா என்று கேளுங்கள். அடித்த நாற்றைத் தின்றால் புழு செத்துவிடும்.