அந்தக் கார்டைக் கழற்ற முடியாது, தம்பி

கேள்வி: 2018இல் அப்பா வாங்கித் தந்த கேமிங் லேப்டாப் வைத்திருக்கிறேன். ஐ5 7300எச்க்யூ, ஜிடிஎக்ஸ் 1050 4 ஜிபி, ராம் 8 ஜிபி, 1 டிபி ஹார்ட் டிஸ்க். வேலரண்ட் விளையாட்டு ஆரம்பிக்கும்போது நொடிக்கு 110 ஃப்ரேம் வருகிறது. கால் மணி நேரத்தில் 40க்கு விழுந்துவிடுகிறது. ஃபேன் சத்தம் தாங்காமல் அம்மா திட்டுகிறார். பகுதிநேர வேலை பார்த்து 25,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்ற முடியுமா? வீட்டுக்குக் கீழேயே பனியன் கம்பெனி என்பதால் கரண்ட் பிரச்சினை எதுவும் இல்லை.
– கல்லூரி மாணவர், திருப்பூர்

பதில்: தம்பி, கெட்ட செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் லேப்டாப்பில் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு கார்டே கிடையாது. டெஸ்க்டாப்பில்தான் அது ஸ்லாட்டில் செருகும் தனிப் பலகை. உங்களுடையது மதர்போர்டோடு சால்டர் வைத்து ஒட்டிய சிப். அதன் மெமரியும் பக்கத்திலேயே அதே போர்டில் ஒட்டியிருக்கிறது. அதை மாற்றுவதென்றால் மதர்போர்டையே மாற்ற வேண்டும்.

கழற்றும் கார்டு ஒரு காலத்தில் இருந்தது உண்மைதான். எம்எக்ஸ்எம் என்பார்கள். பழைய ஏலியன்வேர், கிளெவோ, எம்எஸ்ஐ ஜிடி வரிசை, டெல் பிரிசிஷன் எம்6800 போன்ற செங்கல் கனத்து லேப்டாப்புகளில் பார்க்கலாம். 2016இல் அப்படி ஒன்று கோவையில் என் கடைக்கு வந்தது. ஜிடிஎக்ஸ் 770எம் கார்டை எடுத்துவிட்டு 970எம் போடலாம் என்று வாடிக்கையாளருக்கு ஆசை காட்டியதே நான்தான். கார்டு ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்தது. ஆனால் ஹீட் சிங்க், அதாவது சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகப் பகுதி, சிப்பைத் தொடவில்லை. செம்புத் தகடு வெட்டி இடையில் வைத்துச் சரிக்கட்டி ஆன் செய்தால் திரை கறுப்பாகவே நின்றது. அந்த லேப்டாப்பின் பயோஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் உள் மென்பொருள்) புதிய கார்டை ஏற்கவே இல்லை. நான்கு நாள் மல்லுக்கட்டிவிட்டு, பழைய கார்டையே மாட்டி, கூலி வாங்காமல் கொடுத்தனுப்பினேன். ஸ்லாட் இருந்த லேப்டாப்பிலேயே இந்தக் கதி. (இப்போது ஃப்ரேம்வொர்க் என்ற அமெரிக்க கம்பெனியின் 16 அங்குல லேப்டாப்பில் கிராபிக்ஸ் பகுதியை நாமே கழற்றி மாற்றலாம். உங்கள் 25,000 அதன் பக்கத்தில்கூடப் போகாது.)

சரி, உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். கார்டைப் பற்றி நீங்கள் கேட்டதைவிட, போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயங்கள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன. ஒன்று, முதலில் 110, கால் மணி நேரம் கழித்து 40. பலம் போதாத கார்டு முதல் நிமிடத்திலிருந்தே போதாமல்தான் இருக்கும். நன்றாக ஓடிவிட்டு அப்புறம் விழுகிறது என்றால் அது சூடு. சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. இந்த ரக லேப்டாப்புகள் பலவற்றில் பிராசஸருக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் ஒரே செம்புக் குழாய்தான் சூட்டை எடுத்துப் போகிறது. ஒன்று கொதித்தால் இன்னொன்றும் சேர்ந்து கொதிக்கும்.

இரண்டாவது, அந்தப் பனியன் கம்பெனி. கரண்டுக்காக அதைச் சொன்னீர்கள். எனக்குப் பஞ்சு கண்ணில் தெரிந்தது. திருப்பூரிலிருந்து வரும் லேப்டாப்பைத் திறந்தால், அந்த மாதம் கீழே என்ன கலர் துணி ஓடியது என்றே சொல்லிவிடலாம். ஒருமுறை ரோஸ் நிறத்தில் ஒரு சின்னத் தலையணையே எடுத்தேன். ஃபேனுக்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவில் போய் அது கம்பளி மாதிரி படிந்துவிடும். வெளியிலிருந்து ஊதினால் போகாது. இன்னும் உள்ளே இறுகும். ஃபேனைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

நம்பிக்கை வராவிட்டால் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அரை மணி நேரம் விளையாடிவிட்டுப் பாருங்கள். உங்கள் பிராசஸரின் உச்ச வரம்பு 100 டிகிரி. அதை ஒட்டியே நின்றுகொண்டிருந்தால் நான் சொன்னதுதான்.

கை பழகிய சர்வீஸ் கடையில் கொடுத்தால் ஒரு மணி நேர வேலை. நீங்களே செய்வதானால், பின்பக்க மூடியைக் கழற்றியதும் முதலில் பேட்டரி ஒயரை உருவிவிடுங்கள். ஹீட் சிங்க் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும், காய்ந்து பொடியான பழைய பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு மிளகு அளவு புதுப் பேஸ்ட் வைத்து மேலெல்லாம் மெல்லிசாகப் படியும்படி பரப்புங்கள். மெமரி சிப்கள் மேல் மெத்து மெத்தென்று ரப்பர் மாதிரி பட்டைகள் இருக்கும். அவை கிழிந்துவிட்டது என்று அங்கே பேஸ்ட்டைத் தடவி வைக்காதீர்கள். அதே தடிமனில் புதுப் பட்டைதான் போட வேண்டும். ஃபேனுக்குக் காற்று அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஸர் காற்றில் கன்னாபின்னாவென்று சுற்றிவிட்டால் பேரிங் போய்விடும்.

அப்புறம் ராம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று காட்டும். இரண்டில் ஒன்று என்றால், இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 போடுங்கள். கொள்ளளவு கூடுவதோடு இரண்டும் ஜோடியாக வேலை செய்யும். விளையாட்டில் இடையிடையே வரும் வெட்டு குறையும். ராம் விலை இப்போது ஏறிக் கிடப்பதால் கழற்றிய பழைய ராம் கிடைத்தாலும் போதும், அதே கடையில் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் ஃப்ரேம் கூடாது, ஆனால் வாழ்க்கை கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

இதற்கு மேல் அந்த லேப்டாப்பில் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்பேன். உங்கள் ஏழாம் தலைமுறை பிராசஸர் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்கள் 1050 உள்ளிட்ட ஜிடிஎக்ஸ் 10 வரிசை கார்டுகளுக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தருவதையும் என்விடியா அதே அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். மிச்சப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும். சுத்தம் செய்த பிறகும் கால் மணி நேரத்தில் 40க்கே விழுந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: என் லேப்டாப்பில் தண்டர்போல்ட் 3 என்ற அதிவேக இணைப்பு ஓட்டை இருக்கிறது. ஐ7 8750எச், ஜிடிஎக்ஸ் 1060. வெளியே பெட்டி வைத்து டெஸ்க்டாப் கார்டு மாட்டலாம் என்கிறார்களே, லாபமா?
– வாசகர், சென்னை

பதில்: மாட்டலாம், வேலையும் செய்யும். முதலில் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் யூஎஸ்பி-சி வடிவம் இருப்பதால் மட்டும் அது தண்டர்போல்ட் ஆகிவிடாது.

டெஸ்க்டாப்பில் கார்டுக்குத் தகவல் போய்வர 16 வழிப் பாதை. தண்டர்போல்ட் 3இல் 40 ஜிகாபிட் என்று எழுதியிருந்தாலும் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் நான்கு வழிதான். எட்டு வழிச் சாலையில் வந்த லாரியை எங்கள் டவுன்ஹால் சந்துக்குள் திருப்பிவிட்ட மாதிரி. படத்தை மறுபடி லேப்டாப் திரைக்கே அனுப்பினால் அதே சந்தில் எதிர்த் திசையிலும் லாரி வரும். அதனால் தனி மானிட்டரைக் கார்டிலேயே நேராக மாட்டுங்கள். எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட்டிலிருந்து கேபிள் இழுக்கும் மலிவான வழியும் உண்டு. பாதை அங்கும் நான்கு வழிதான், ஆனால் தண்டர்போல்டின் சுற்றுவேலை இல்லாததால் வேகம் கொஞ்சம் கூடவே வரும். பின்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பது வேறு கதை.

பெட்டி, பவர் சப்ளை, கார்டு, மானிட்டர் எல்லாம் வாங்கிவிட்டால் பாதி டெஸ்க்டாப் வாங்கியாச்சு. ஒரே மேசையில் உட்கார்ந்து விளையாடுபவர் என்றால் மீதிப் பாதியையும் வாங்கிவிடுங்கள். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் செய்பவர் (காட்சியைப் படமாக்குபவர்) என்றால் என் பதில் வேறு. அங்கே காட்சி ஒருமுறை கார்டின் மெமரிக்குள் ஏறிவிட்டால் போக்குவரத்து குறைவு. சந்து அவ்வளவாக இடிக்காது. எதற்கு என்று நீங்கள் எழுதவில்லையே.

கேள்வி: மகனின் லேப்டாப்பில் ஜிடிஎக்ஸ் 1050 சிப்பை எடுத்துவிட்டு 1660 டிஐ வைத்துத் தருவதாக ஒரு கடைக்காரர் 18,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
– இல்லத்தரசி, மதுரை

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. 1050க்குப் பக்கத்தில் இருப்பது ஜிடிடிஆர்5 மெமரி. 1660 டிஐக்கு ஜிடிடிஆர்6 வேண்டும். கரண்டும் அதற்குக் கூடுதலாக வேண்டும்; அந்த போர்டு அதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. சிப் செத்துப்போனால் அதே சிப்பை மாற்றுவது உண்டு, நானே செய்திருக்கிறேன். வேறு சிப் உட்காராது. லேப்டாப் ஏற்கெனவே அந்தக் கடையில் இருந்தால் இன்றைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள். ராமும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ளே இருக்கிறதா என்று மகனை அங்கேயே ஆன் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.