வாசகர் கேள்வி – பதில்: பாவித்த கார் வாங்கும் முன் செசி இலக்கத்தைக் கேளுங்கள்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குச் சென்று வருவதற்காகப் பாவித்த கார் ஒன்று வாங்க எண்ணியுள்ளோம். 2008ஆம் ஆண்டு டொயோட்டா விட்ஸ் ஒன்றும் 2014ஆம் ஆண்டு ஹொண்டா ஃபிட் ஹைபிரிட் ஒன்றும் எங்கள் கைக்கு எட்டும் விலையில் வந்துள்ளன. இரண்டும் ஜப்பானில் இருந்து வந்தவை, ஆகவே கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்கிறார் என் அண்ணா. குறைபாடு கண்டு உற்பத்தியாளரே திருப்பி அழைத்த வண்டிகளா இவை என்பதை இங்கிருந்தபடியே அறிய முடியுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: முடியும். அதற்குச் செலவும் இல்லை. உங்கள் அண்ணாவின் நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. இந்த இரு வகை வண்டிகளுக்கும் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் கிடைக்கும். எந்தக் கராஜிலும் இவற்றைத் திருத்தத் தெரிந்தவர் இருப்பார். ஆனால் விட்ஸ் நல்ல வண்டி என்பது வேறு, உங்கள் முன் நிறுத்தப்பட்டிருக்கும் விட்ஸ் நல்ல நிலையில் இருக்கிறது என்பது வேறு. மேலும், நீங்கள் குறிப்பிட்ட இரண்டு வண்டிகளுக்குமே மீளழைப்பு வரலாறு உண்டு என்பதால், இந்தக் கேள்வியை நீங்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டது மிகவும் நல்லதாயிற்று.

மீளழைப்பு என்பது எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்புக் குறைபாடு ஒன்று தெரியவந்ததும், ஜப்பானிய உற்பத்தியாளர் அந்நாட்டின் போக்குவரத்து அமைச்சுக்கு அறிவித்து, பதிவிலுள்ள உரிமையாளர்களுக்குக் கடிதம் அனுப்பி, வண்டியை வரவழைத்து இலவசமாகத் திருத்திக் கொடுக்கிறார். ஆனால் ஒரு கார் கப்பலேறும்போது ஜப்பானில் அதன் பதிவு நீக்கப்பட்டுவிடுகிறது. அதற்குப் பின் அறிவிக்கப்படும் மீளழைப்புக்கான கடிதம் கொழும்பில் அந்தக் காரை ஓட்டுபவரிடம் வந்து சேர வழியில்லை. உற்பத்தியாளர் தன் கடமையைச் செய்திருப்பார், முந்தைய உரிமையாளரும் எதையும் மறைத்திருக்க மாட்டார், ஆயினும் குறைபாடு திருத்தப்படாமலே வண்டி மூன்று நான்கு கைகள் மாறியிருக்கும்.

விட்ஸை எடுத்துக்கொள்வோம். 2005 முதல் 2010 வரை ஜப்பானில் விற்பனையில் இருந்த அந்தத் தலைமுறை விட்ஸ், தகாட்டா நிறுவனத்தின் எயார்பேக் தொடர்பான மீளழைப்புகளில் இடம்பெற்றது. 2008இல் ஹொண்டாவின் வண்டிகளில் தொடங்கி, பின்னர் ஏறத்தாழ எல்லாப் பெரிய உற்பத்தியாளர்களையும் தொட்ட மீளழைப்பு அது. உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடி எயார்பேக் ஊதிகள் அதில் அடங்கின. தகாட்டா 2017 ஜூனில் வங்குரோத்து அடைந்தது. எயார்பேக்கை விரியச் செய்யும் வாயுவை உண்டாக்க அந்த நிறுவனம் அமோனியம் நைத்திரேற்று என்ற வேதிப்பொருளை, பல ஊதிகளில் ஈரத்தை உறிஞ்சும் பொருள் எதையும் சேர்க்காமல், பயன்படுத்தியது. ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரப்பதனும் மாறி மாறித் தாக்கும்போது அந்த வேதிப்பொருள் சிதைந்து, விபத்து நேரத்தில் அளவுக்கு மீறிய வேகத்தில் எரிகிறது. ஊதியின் உலோக உறை வெடித்து, துண்டுகள் எயார்பேக்கைக் கிழித்துக்கொண்டு ஓட்டுபவரின் கழுத்திலும் முகத்திலும் பாய்கின்றன. அமெரிக்காவில் புளோரிடா போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த மாநிலங்களுக்கு முன்னுரிமை கொடுத்தே ஊதிகளை மாற்றினார்கள். நம்மைப் போன்ற காலநிலை கொண்ட மலேசியாவிலும் இதனால் உயிர்கள் போயின. கடற்காற்று ஓயாத கொழும்பில், நாள் முழுதும் வெயிலில் நிறுத்தப்படும் பதினேழு பதினெட்டு வயதுக் காரில் அந்த ஊதி மாற்றப்பட்டதா என்று கேட்பது, எஞ்சின் சத்தத்தைக் கேட்பதைவிட முக்கியமானது என்பேன்.

இதை அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் முன்பு வைத்திருந்த காரில், மீளழைக்கப்பட்ட எயார்பேக்குக்கு நேர் பின்னால் இருந்துகொண்டு இரண்டு ஆண்டுகள் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் சென்றிருக்கிறேன். செசி இலக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று அன்று எனக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

ஃபிட் ஹைபிரிட்டின் கதை வேறு. 2013 செப்டெம்பரில் ஜப்பானில் அறிமுகமான அந்த மாதிரியில் ஏழு வேக இரட்டைக் கிளச் கியர்பெட்டி பொருத்தப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபருக்குள் ஐந்து மீளழைப்புகள் வந்தன. கியர்பெட்டியையும் எஞ்சினையும் கட்டுப்படுத்தும் மென்பொருள் அவற்றில் முக்கிய இடம் பெற்றது. ஹொண்டாவின் உயர் அதிகாரிகள் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளும் அளவுக்கு அது சென்றது. மென்பொருள் திருத்தம் செய்யப்பட்ட வண்டிகள் இன்று எங்கள் வீதிகளில் நன்றாகவே ஓடுகின்றன என்பதால் இந்த மாதிரியைத் தொடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். திருத்தப்பட்டதா என்பதை உறுதி செய்யாமல் வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இனி, பார்க்கும் முறை. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட கார்களில் 17 எழுத்து இலக்கம் இருக்காது. மாதிரிக் குறியீடு, ஒரு சிறு கோடு, அதன் பின் இலக்கங்கள் என்ற வடிவில் செசி இலக்கம் இருக்கும். 1000 சீசீ விட்ஸ் என்றால் கேஎஸ்பி90 என்றும், ஃபிட் ஹைபிரிட் என்றால் ஜீபீ5 என்றும் தொடங்கும். அமெரிக்க இணையத்தளங்களில் இதைக் கொடுத்தால் எந்தப் பயனும் இல்லை. டொயோட்டா, ஹொண்டா நிறுவனங்களின் ஜப்பானியத் தளங்களுக்குச் சென்று, உலாவியின் மொழிபெயர்ப்பு வசதியுடன் மீளழைப்புத் தேடல் பக்கத்தைத் திறந்து, செசி இலக்கத்தை அப்படியே இட்டால், அந்த ஒரு வண்டிக்கு உரிய மீளழைப்புகள் எவை, அவை செய்து முடிக்கப்பட்டனவா என்பது தெரியவரும். பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கத்தை மட்டும் நம்பாமல், வண்டியின் உடலில் பொறிக்கப்பட்டுள்ள இலக்கத்தை நீங்களே கண்ணால் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் ஓர் எழுத்தில் மாறுபட்டாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

முடிக்கப்படாத மீளழைப்பு இருந்தால், அந்த நிறுவனத்தின் கொழும்பு முகவரிடம் செசி இலக்கத்துடன் சென்று, மீள்சீரமைத்து இறக்குமதியான வண்டிக்கும் செய்து தருவார்களா, பாகம் கையிருப்பில் உள்ளதா, கட்டணம் உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள். இங்கு செய்த திருத்தம் ஜப்பானியப் பதிவில் ஏறாமல் இருக்கவும் கூடும் என்பதால், விற்பவரிடம் வேலைச் சீட்டு இருந்தால் அதையும் கேளுங்கள். பழைய வண்டியில் இருந்து கழற்றிய எயார்பேக்கை மலிவு என்று வாங்கிப் பொருத்தவே வேண்டாம். அதுவும் மீளழைக்கப்பட்டதாக இருக்கலாம். சாவியைத் திருப்பியதும் எயார்பேக் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். விளக்கு எரியவே இல்லை என்றால் யாரோ அதைத் துண்டித்திருக்கலாம்.

ஃபிட்டை ஓட்டிப் பார்ப்பதாயின் ஞாயிறு காலையில் வேண்டாம். மாலை ஐந்து மணிக்குக் காலி வீதியில், பம்பலப்பிட்டியில் இருந்து தெஹிவளை வரை ஊர்ந்து செல்லுங்கள். இரட்டைக் கிளச்சில் குறை இருந்தால், நின்று நின்று நகரும்போதுதான் குலுக்கலும் இழுவையும் தெரியும். ஹைபிரிட் பற்றரியை ஸ்கேன் கருவியால் பார்க்கும்போது, வண்டி நிற்கையில் மட்டுமல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அதன் பகுதிகளுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு எவ்வளவு என்பதைக் கவனிக்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

கேள்வி: 2012ஆம் ஆண்டுக் கார் ஒன்று 62,000 கிலோமீற்றர் மட்டுமே ஓடியது என்று காட்டுகிறது. நம்பலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நாளொன்றுக்கு 30 கிலோமீற்றர், ஆண்டில் 300 நாட்கள் என்று கணக்கிட்டாலே ஆண்டுக்கு 9,000 ஆகிறது, பத்தாண்டில் 90,000. குறைவாக ஓடிய வண்டிகளும் இருக்கின்றன, ஆனால் அதை மெய்ப்பிக்க வேண்டியவர் விற்பவர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய கார்கள் கூடுதலாக உழைத்தன, விலையும் ஏறியது, மீற்றரைக் குறைத்துக் காட்டும் ஆசையும் அதனோடு வளர்ந்தது. ஜப்பானின் ஏலத் தாளும் ஏற்றுமதிச் சான்றிதழும் இருந்தால், கப்பலேறுவதற்கு முன் எவ்வளவு ஓடியது என்பது தெரியும். இங்கு வந்த பிறகு ஓடியதற்கு, பழைய சேர்விஸ் பற்றுச்சீட்டுகளையும், காப்புறுதிக்காகவோ லீசிங்குக்காகவோ எடுத்த மதிப்பீட்டு அறிக்கைகளையும் கேளுங்கள். அவற்றில் அன்றைய மீற்றர் அளவு எழுதப்பட்டிருக்கும். பிரேக் பெடலின் ரப்பர் வழுவழுப்பாகி, ஓட்டுநர் ஆசனத்தின் கதவோரம் சிதைந்திருந்தால், 62,000 என்பதை நான் நம்பமாட்டேன். தரைவிரிப்பைத் தூக்கி, ஆசனத் தண்டவாளங்களையும் பார்த்துவிடுங்கள். 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கங்களில் நீரில் நின்ற கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு மீண்டும் ஓடத் தொடங்கின. ஆசனப்பட்டியை முழுவதுமாக இழுத்தால் அதன் அடி நுனியில் சேற்றுக்கறை இருக்கும், கழுவியவர்கள் அங்கே கைவைப்பதில்லை.

கேள்வி: பெயர் மாற்றாமல், கையொப்பமிட்ட படிவங்களுடன் ஓப்பின் பேப்பரில் தருகிறேன் என்கிறார் விற்பவர். விலை குறைவு. வாங்கலாமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவரும் உங்களிடம் பணம் வாங்குபவரும் ஒருவராக இல்லாத இடத்தில், வண்டியின் கடந்தகாலம் குறித்து எவரிடமும் கேள்வி கேட்க முடியாது. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதத்தை அந்த நிறுவனத்திடமே நேரில் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு உரிமையாளரையும் அழைத்துக்கொண்டு நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குச் சென்று, மாற்றம் பதிவான பின்பே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.