குமரி மாவட்டத்தில் எந்த இன நாய் அதிகம் கடிக்கிறது?

இனவாரியாக உறுதியான பதில் சொல்ல வழியில்லை. ஓர் இனம் கடித்த எண்ணிக்கையை அந்த இனத்தின் மொத்த எண்ணிக்கையால் வகுத்தால்தான் ஆபத்து தெரியும். இரண்டுமே சரியாகக் கிடைப்பதில்லை.

லேசான பல் தடம்தானே என்று பலர் ஆஸ்பத்திரிக்கே போவதில்லை. (தயவுசெய்து போங்கள், அதற்கு முன் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்.) போனாலும் வெறிநோய் ஊசிக்கு நாயின் இனம் தேவையே இல்லை.

மொத்த எண்ணிக்கை அதைவிடச் சிக்கல். குளச்சலில் மீனுக்காகச் சுற்றும் நாய்க்கு நாலு வீட்டில் சோறு போடுவார்கள். அதை யார் கணக்கில் எழுதுவது? திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டத்து வீட்டில் ஒரு கலப்பு நாய் வெள்ளையாக, மூக்கு இளஞ்சிவப்பாக இருந்தால் போதும், ராஜபாளையம் என்று பெயர் வந்துவிடும். கடித்தால் பழியும் அந்த இனத்துக்கே.

அமெரிக்காவில் 1979 முதல் 1998 வரையிலான நாய்க்கடி மரணங்களை ஆராய்ந்தவர்களும் இங்கேதான் முட்டி நின்றார்கள். இனம் பதிவான 238 மரணங்களில் பாதிக்கு மேல் பிட்புல், ராட்வைலர் வகைகள். ஆனாலும் ஒவ்வோர் இனத்திலும் மொத்தம் எத்தனை நாய்கள் என்று தெரியாததால் ஆபத்து விகிதத்தைக் கணக்கிட முடியவில்லை என்று 2000இல் அவர்களே எழுதினார்கள்.

உங்கள் தெருவில் இருக்கும் நாயைப் பொறுத்தவரை, இனத்தைவிட, குட்டி போட்டிருக்கிறதா, தடுப்பூசி போட்டதா, எப்போதும் கட்டியே கிடக்கிறதா என்று பாருங்கள்.