ரோமானிய அகழாய்வு இடத்தில் பார்வையாளர் மையம்: வடிவமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

கட்டடக்கலை இறுதியாண்டில் ரோமானிய இடிபாடு ஒன்றுக்குப் பார்வையாளர் மையம் வரைய வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தூண் இறங்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். பட்டுத்தான் சொல்கிறேன்.

நானும் இதே மாதிரி ஒரு தலைப்பைத்தான் எடுத்தேன். முதல் ஜூரியில், அதாவது வரைந்ததை வைத்து நிபுணர்கள் கேள்வி கேட்கும் நாளில், ஒரு கண்ணாடிப் பெட்டி மாதிரியான கட்டடத்தைக் கொண்டுபோய் வைத்தேன். மாலை வெயில் சாய்வாக விழுகிற படத்துக்கு மட்டும் இரண்டு வாரம் செலவு. வந்திருந்த பெரியவர் அந்தப் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அகழாய்வு வரைபடத்தின் மேல் என் பிளானை விரித்து, ஒரு தூணைப் பென்சிலால் தொட்டு, "தம்பி, இது எதுக்குள்ள இறங்குது?" என்றார். ரோமானியர் சின்னச் சின்னக் கற்களைப் பதித்துப் போட்ட மொசைக் தரைக்கு நட்டநடுவில் இறங்கியிருந்தது.

சரி, கண்ணாடியே கூடாதா? பிரான்சில் பெரிகியூ நகரின் வெசுன்னா அருங்காட்சியகத்தைப் பாருங்கள். ழான் நூவெல் வடிவமைத்து 2003இல் திறந்தது. ரோமானிய வீடு ஒன்றின் மீது பெரிய கூரை, ஒல்லியான தூண்கள், சுற்றிலும் கண்ணாடி. எனக்குப் பிடித்தது கூரையின் அடிப்பக்கம்தான். அந்த வீட்டின் பிளானையே அங்கே வரைந்திருக்கிறார்கள். முழங்கால் உயரச் சுவர்களைப் பார்த்து எது அறை, எது முற்றம் என்று புரியாமல் விழிப்பவர், அண்ணாந்து பார்த்தால் போதும்.

ஆனால் வெயில் கொளுத்துகிற ஊர் என்றால் கதை வேறு. சிசிலியில் பியாட்சா அர்மெரினா ஊருக்குப் பக்கத்தில் உள்ள ரோமானிய மாளிகையின் மொசைக் தரைகளை 1950களின் இறுதியில் ஃபிராங்கோ மினிசி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பலகைகளால் மூடினார். அந்தக் காலத்துக்கு அருமையான யோசனை. நடைமுறையில் உள்ளே புழுங்கித் தள்ளியது, சட்டங்களின் நிழல் கோடுகோடாக மொசைக் மேல் விழுந்தது. கடைசியில் எல்லாவற்றையும் கழற்றி, ஒளி புகாத கூரை போட்டு, 2012இல் மறுபடி திறந்தார்கள். சுவிட்சர்லாந்தின் கூர் நகரில் ரோமானிய இடிபாடுகளை மூடிப் பீட்டர் ஸும்தோர் 1986இல் கட்டிய கூடம் மினிசியின் பிளாஸ்டிக்குக்கு நேர் எதிர். ரோமானியச் சுவர்கள் போன தடத்திலேயே மரச் சட்டங்களை அடுக்கிச் சுவராக்கினார். காற்று சட்டங்களின் இடுக்கு வழியாக, வெளிச்சம் மேலிருந்து. அவ்வளவுதான்.

அடுத்தது பார்வையாளர் நடந்து போகும் வழி. இதற்கு ஸ்பெயினின் கார்த்தஹேனாவைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. நான் போனதில்லை, ஆனால் அதன் குறுக்குவெட்டை மூன்று முறை கையால் வரைந்திருக்கிறேன். அங்கே 1988இல் பழைய நகரத்தின் வீடுகளுக்கு அடியில் ஒரு ரோமானிய அரங்கு தலைகாட்டியது. ரஃபேல் மொனேயோ வடிவமைத்த அருங்காட்சியகம் 2008இல் திறந்தது. அவர் அரங்கின் மேல் எதையும் கட்டவில்லை. நகராட்சிக் கட்டடத்துக்கு எதிரில் உள்ள பழைய மாளிகையில் நுழைகிறோம். தெருவுக்கு அடியில் போகிறோம். இன்னொரு கட்டடத்தில் சிலைகளைப் பார்த்தபடி மேலே ஏறுகிறோம். மறுபடி ஒரு தேவாலயத்துக்கு அடியில் இருட்டான வழி. அது முடிகிற இடத்தில் திடீரென வெயில், இருக்கை வரிசைகள், கீழே மேடை. அதுவரை அரங்கு ஓர் ஓரமாகக்கூடக் கண்ணில் படுவதில்லை. மாணவர் வரைகிற மையங்கள் பெரும்பாலும் டிக்கெட் வாங்கும் இடத்திலேயே முழு இடிபாட்டையும் காட்டிவிடுகின்றன. அப்புறம் எதற்கு உள்ளே நடப்பது?

அதனால் முதல் வாரம் கட்டடமே வரையாதீர்கள். அகழாய்வு வரைபடத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்து, எங்கே தோண்டலாம், எங்கே கூடாது என்று நிறம் அடியுங்கள். இன்னும் தோண்டிப் பார்க்காத இடத்தைக் காலி இடம் என்று நினைத்துவிட வேண்டாம், அதற்கும் கூடாத நிறம்தான். பிறகு நடக்கும் கோடு. பஸ் நிற்கும் இடம், கடை, காபி எல்லாம் வெளியே தள்ளிப் போகட்டும்.

இரண்டாவது ஜூரிக்கு நான் தூண்களை எல்லாம் ஒழுங்காக நகர்த்திக்கொண்டு போனேன். அதே பெரியவர்தான். ஒவ்வொரு தூணாகப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு உயிர் வந்தது. பென்சில் மெதுவாக நகர்ந்து கழிப்பறையில் போய் நின்றது. "இங்கிருந்து கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கமா போகுது?"

அதை நான் வரையவே இல்லை.